முதலில் தேநீர், பிறகுதான் பெயர்: நியூஃபவுண்ட்லாந்துக் கரையிலிருந்து

வணக்கம் நேயர்களே. கனடாவின் கிழக்கு ஓரத்தில், நியூஃபவுண்ட்லாந்துத் தீவின் தென்முனைக்குப் பக்கத்தில் நிற்கிறேன். இந்தச் சிற்றூரின் பெயர் செயிண்ட் ஷாட்ஸ். எனக்குப் பின்னால் தெரிகிற வெண்மை முழுவதும் மூடுபனி. அதற்கு அப்பால் அட்லாண்டிக். இன்று கடலைக் காட்ட முடியாது, ஓசையைத்தான் கேட்கவைக்க முடியும். கொஞ்சம் பேசாமல் நிற்கிறேன், கேளுங்கள்.

கேட்டதா? இந்தக் கரைக்கு அப்பால், இதே போன்ற மூடுபனிக்குள்தான், 1986ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் திகதி நம்மவர்கள் 155 பேர் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்தார்கள். 1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கையை விட்டு ஓடி, மேற்கு ஜெர்மனியில் ஒதுங்கி, அங்கேயும் நிலையில்லை என்று தெரிந்து, ஒரு கப்பல் தலைவனுக்குப் பெரும்பணம் கொடுத்துக் கனடாவுக்குப் புறப்பட்டவர்கள். ‘ஒரிகே’ என்ற அந்தச் சரக்குக் கப்பல் அவர்களை நடுக்கடலில் இந்தப் படகுகளுக்கு இறக்கிவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. தண்ணீர் இல்லை, சாப்பாடு இல்லை, எந்தத் திசையில் கரை என்று தெரியாது. இந்தக் கடலில் ஆகஸ்ட் மாதத்திலும் தண்ணீர் கைவிரல்களை மரத்துப்போகச் செய்யும். நான் இன்று காலை கையை நனைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

அவர்களைக் கண்டவர் கஸ் டால்டன் என்ற மீனவர். செயிண்ட் மேரிஸ் விரிகுடாவில் உள்ள அட்மிரல்ஸ் பீச் என்ற ஊர்க்காரர். ‘அட்லாண்டிக் ரீப்பர்’ என்ற தன் மீன்பிடி வள்ளத்தோடு தொழிலுக்குப் போயிருந்தார். மூடுபனிக்குள் படகு நிறைய மனிதர்கள். அவர் முன்பின் பார்த்திராத முகங்கள், கேட்டிராத மொழி. ஏற்ற முடிந்தவர்களை ஏற்றினார், வயர்லெஸில் அழைத்தார், பக்கத்தில் தொழில் செய்துகொண்டிருந்த வள்ளங்களும் வந்து சேர்ந்தன. ஒருவர்கூட மூழ்கவில்லை. பிறகு அரசுக் கப்பல் வந்து எல்லோரையும் மாகாணத் தலைநகர் செயிண்ட் ஜோன்ஸுக்குக் கொண்டுபோனது. மெமோரியல் பல்கலைக்கழக மாணவர் விடுதியில் தங்கவைத்தார்கள்.

இதை எங்கள் வீட்டில் பெரியவர்கள் பல தடவை சொல்லிக் கேட்டிருக்கிறேன். ரொறன்ரோவில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் பலருக்கு இது தெரியாது என்பது எனக்குப் பெரிய கவலை. அதனால்தான் இந்தக் காணொளி.

இன்னும் ஒன்றைச் சொல்ல வேண்டும், அதை மறைக்கக் கூடாது. அந்த 155 பேரும் முதலில் தாங்கள் இந்தியாவிலிருந்து வந்ததாகச் சொன்னார்கள். ஜெர்மனியிலிருந்து வந்தோம் என்றால் அங்கேயே திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். சில நாட்களிலேயே உண்மை வெளிவந்தது. நாட்டின் மற்றப் பகுதிகளில் எத்தனையோ பேருக்குக் கோபம் வந்தது. அப்போதைய பிரதமர் பிரையன் மல்ரோனி அகதிகளைத் திருப்பி அனுப்ப மறுத்துவிட்டார். எல்லோருக்கும் தங்கி வேலை செய்ய அனுமதி கிடைத்தது. பெரும்பாலானோர் ரொறன்ரோவுக்கும் மொன்றியலுக்கும் போனார்கள். இன்றைக்கு அவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

என் எண்ணத்தைச் சொல்கிறேன். எங்கிருந்து வந்தார்கள், எப்படி வந்தார்கள், யாருக்குப் பணம் கொடுத்தார்கள் என்ற கேள்விகள் எல்லாம் அரசாங்கத்துக்குத் தேவைப்படலாம். டால்டனுக்குத் தேவைப்படவில்லை. அவர் முதலில் தூக்கி ஏற்றினார். கேள்வி பிறகு வந்தது, வேறு யாரோ கேட்டார்கள். இந்தக் கரையோரம் முழுவதும் அந்த ஒழுங்குதான் என்று இங்கே சுற்றச் சுற்ற எனக்கு உறுதியாகிறது.

இது கனடா முழுவதற்கும் உள்ள இயல்பு என்று நினைத்துவிடாதீர்கள். 2009இல் ‘ஓஷன் லேடி’ கப்பலில் 76 தமிழர்களும், 2010இல் ‘சன் சீ’ கப்பலில் 492 தமிழர்களும் மேற்குக் கரையான பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு வந்தார்கள். அதே நாடு, அதே மக்கள். அங்கே அவர்களுக்குக் கிடைத்தது தடுப்புக் காவல். பலர் மாதக்கணக்கில் அடைக்கப்பட்டார்கள். அந்தக் கப்பல்களுக்கும் எதிரே முதலில் ஒரு மீன்பிடி வள்ளம் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன்.

சரி, ஏன் இந்தக் கரையில் இப்படி?

கடலில் தொழில் செய்கிறவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. இன்று அந்தப் படகில் இருப்பவன் அவன், நாளைக்கு நான். வல்வெட்டித்துறையில், குருநகரில், மயிலிட்டியில் பிறந்தவர்களுக்கு இது தெரியும். இந்த ஊர்ப் பாறைகளில் எத்தனையோ கப்பல்கள் உடைந்திருக்கின்றன. கேப் ரேஸ் இங்கிருந்து கிழக்கே, பக்கம்தான். 1912இல் டைட்டானிக் மூழ்கியபோது அனுப்பிய அபாயச் செய்தியைக் கேட்ட நிலையம் அங்கேதான் இருந்தது. கப்பல் உடைந்தால் வீட்டுக் கதவைத் தட்டப்போவது யார் என்று இவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்துவைத்திருந்தவர்கள்.

இதில் எனக்கு மனத்தை விட்டுப் போகாத ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. இங்கிருந்து மேற்கே, பியூரின் தீபகற்பத்தில், செயிண்ட் லாரன்ஸ் என்ற ஊர். 1942ஆம் ஆண்டு பெப்ரவரி 18, கடும் பனிப்புயல். ‘ட்ரக்ஸ்டன்’, ‘பொலக்ஸ்’ என்ற இரண்டு அமெரிக்கக் கடற்படைக் கப்பல்கள் அந்தக் கரைப் பாறைகளில் மோதி உடைந்தன. 203 பேர் இறந்தார்கள், 186 பேர் பிழைத்தார்கள். பிழைத்தவர்களை மீட்டது கடற்படை அல்ல. ஒரு மாலுமி செங்குத்தான பாறையில் ஏறிப் போய்ச் சுரங்கத்தில் செய்தி சொன்னார். வேலையை அப்படியே போட்டுவிட்டுச் சுரங்கத் தொழிலாளர்கள் கயிறுகளோடு ஓடிவந்தார்கள். உறைந்த பாறை உச்சியிலிருந்து கயிறு இறக்கி ஒவ்வொருவராக இழுத்து ஏற்றினார்கள். கப்பலிலிருந்து கொட்டிய கறுப்பு எண்ணெய் எல்லோர் மேலும் பூசியிருந்தது. பெண்கள் வெந்நீர் வைத்து, அந்த மாலுமிகளைத் தங்கள் கையாலேயே கழுவிவிட்டார்கள்.

அவர்களில் லனியர் பிலிப்ஸ் என்ற இளைஞர் இருந்தார். அமெரிக்காவின் ஜோர்ஜியாவில் பிறந்த கறுப்பினத்தவர். கழுவிய பெண்கள் எண்ணெய் போகவில்லை என்று திரும்பத் திரும்பத் தேய்த்தார்கள். இது எண்ணெய் அல்ல, என் தோலின் நிறம் என்று அவர் சொல்ல வேண்டியிருந்தது. அவர் பிறந்த ஊரில், வெள்ளைக்காரப் பெண்கள் நடுவில் உடையில்லாமல் கிடந்தால் உயிர் போய்விடும். அந்த அச்சத்தோடுதான் அவர் கண் விழித்தார். இங்கே என்ன நடந்தது? தேய்ப்பதை நிறுத்திவிட்டு, மற்றவர்களுக்குச் செய்ததையே அவருக்கும் செய்தார்கள். வயலட் பைக் என்ற பெண்மணி தன் வீட்டுக்கு அழைத்துப் போய், தன் குடும்பத்தோடு உட்கார்த்திச் சாப்பாடு போட்டார்.

அந்த ஒரு சாப்பாட்டைப் பற்றி லனியர் பிலிப்ஸ் வாழ்நாள் முழுவதும் பேசினார். தன்னை மனிதனாக நடத்திய முதல் இடம் அது என்றார். பின்னாளில் அமெரிக்கக் கடற்படையில், நீருக்கடியில் இருப்பதை ஒலியால் கண்டறியும் சோனார் துறையின் முதல் கறுப்பின வல்லுநர் ஆனார், கறுப்பினத்தவரின் சம உரிமைப் போராட்டத்தில் நடந்தார். 2008இல் மெமோரியல் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. 2012இல் காலமானார். செயிண்ட் லாரன்ஸுக்கு அமெரிக்க அரசு நன்றியாக ஒரு மருத்துவமனை கட்டிக் கொடுத்தது, 1954இல் அது திறக்கப்பட்டது. அதே ஊரின் சுரங்கத் தொழிலாளர்கள் பலர் பாறைத் தூசியாலும் கதிர்வீச்சாலும் நுரையீரல் கெட்டு இறந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மிச்சம் இருந்ததை எடுத்துக் கொடுத்தவர்கள் இல்லை அவர்கள். அவர்களிடமே போதுமானது இல்லை.

2001 செப்டம்பர் 11 கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அமெரிக்காவின் வான்வெளி மூடப்பட்டபோது 38 பயணிகள் விமானங்கள் இதே தீவின் காண்டர் நகரில் இறங்கின, ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள். உலகம் முழுவதும் பேசப்பட்டுவிட்டது, அதனால் நீட்டவில்லை. லூயிஸ்போர்ட் போன்ற கடலோரச் சிற்றூர்களுக்கும் அவர்களை அனுப்பினார்கள், அந்த ஊர்களும் அவர்களை வைத்துப் பார்த்துக்கொண்டன. அது காண்டரில் புதிதாக முளைத்த நல்ல குணம் அல்ல என்பதற்காக மட்டும் சொல்கிறேன்.

இப்போது, இன்றைய நாளுக்கு வருவோம். இங்கே ஒரு வீட்டுக்கு எப்படிப் போவது? முன்வாசலுக்குப் போகாதீர்கள். முன்வாசல் பாதிரியாருக்கும் போலீஸுக்கும் என்று ஓர் அம்மா எனக்குச் சொன்னார். பக்கவாசல் வழியாக நேரே சமையலறைக்குள் நுழைய வேண்டும். தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிட்டுத்தான் உங்களைத் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தத் தேநீருக்கு என்ன பால் தெரியுமா? ரின்பால்! எங்கள் அம்மம்மா பார்த்திருந்தால் இந்த ஊரிலேயே தங்கிவிட்டிருப்பார். அதோடு, ரொட்டிமாவைத் தட்டிப் பொரித்து, மேலே கருப்புப் பாகு ஊற்றிய ‘டவுட்டன்’ கொடுக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் உப்புமாட்டிறைச்சி, கோவா, கிழங்கு, கரட் எல்லாம் ஒரே பானையில் அவித்த ‘ஜிக்ஸ் டின்னர்’. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள், கிழங்கையும் மீனையும் குவித்துவிடுவார்கள், ஒன்றும் நினைக்க மாட்டார்கள்.

கிறிஸ்மஸ் காலத்தில் இன்னொரு வழக்கம் உண்டு, ‘மம்மரிங்’ என்கிறார்கள். முகத்தைத் திரைச்சீலையால் மூடி, ஆண் பெண் உடையை மாற்றிப் போட்டு, குரலையும் மாற்றிக்கொண்டு அயல்வீட்டுக்குள் நுழைவார்கள். யார் என்று வீட்டார் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்ததும் முகத்திரை விலகும், கேக்கும் குடிபானமும் வரும். 1860இல் முகமூடி அணிந்தவர்கள் ஒருவரைக் கொன்றுவிட, மறு ஆண்டு இதைச் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். ஆனாலும் வழக்கம் போகவில்லை. முகம் தெரியாதவரைச் சமையலறைக்குள் விடுவதை விளையாட்டாகவே பழகிய மக்கள் இவர்கள்.

இதெல்லாம் அப்படியே நிலைத்திருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். 1992ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் திகதி கனடா அரசு இங்கே கொட் மீன்பிடியை நிறுத்தியது. மீன் அற்றுப்போய்விட்டது, பெரிய இழுவைக் கப்பல்கள் வாரிக்கொண்டு போய்விட்டன. முப்பதாயிரம் பேருக்கு ஒரே நாளில் தொழில் போனது. இளையவர்கள் அல்பேர்ட்டாவுக்கும் ரொறன்ரோவுக்கும் கிளம்பிவிட்டார்கள். வரவேற்பதற்கு வீட்டில் ஆள் வேண்டுமே. நான் கடந்துவந்த ஊர்களில் பூட்டிய வீடுகளையும் பார்த்தேன்.

விருந்தோம்பலையே தொழிலாக்கிய இடமும் இருக்கிறது. நியூஃபவுண்ட்லாந்தின் வடகிழக்குக் கரைக்கு அப்பால் உள்ள ஃபோகோ தீவில் ஸீட்டா கொப் என்ற அவ்வூர்ப் பெண் தொடங்கிவைத்த விடுதி, 2013இல் திறந்தது. 29 அறைகள், கட்டணம் மிக அதிகம். லாபம் தனியாருக்குப் போகாமல் ஊரின் அறக்கட்டளைக்குப் போகிறது. வருகிறவரை ஊர்க்காரர் ஒருவர் கூட்டிக்கொண்டு சுற்றிக் காட்டுகிறார். பணம் வாங்கினால் அது விருந்தோம்பலா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அதில் குறை தெரியவில்லை. மீன் போன ஊரில் பிள்ளைகள் தங்க வேண்டும் என்றால் வருமானம் வேண்டும்.

கடைசியாக, இங்கே வர விரும்புகிறவர்களுக்கு. செயிண்ட் ஜோன்ஸில் வாகனம் வாடகைக்கு எடுத்து, தெற்கே பத்தாம் இலக்க வீதியால் வாருங்கள், ட்ரெபாசியைத் தாண்டிச் செயிண்ட் ஷாட்ஸுக்குப் பிரியும் வீதி வரும். வழியில் கடைகள் மிகக் குறைவு, எரிபொருளை முன்னமே நிரப்பிக்கொள்ளுங்கள். வெட்டவெளியில் கரிபூ மான்கள் வீதியைக் கடக்கும், மூடுபனியில் மெதுவாக ஓட்டுங்கள். அந்த 155 பேரில் சிலர் 2016இல், முப்பதாம் ஆண்டில், திரும்பி வந்து கஸ் டால்டனைச் சந்தித்தார்கள். உங்கள் குடும்பத்தில் அந்தப் படகுகளில் இருந்தவர்கள் யாராவது இருந்தால், அவர்கள் நினைவோடு இருக்கும்போதே உட்காரவைத்துக் கேட்டுப் பதிவு செய்யுங்கள், பிள்ளைகளை இந்தக் கரைக்குக் கூட்டி வாருங்கள். வரும்போது கையில் ஏதாவது பலகாரம் கொண்டுவாருங்கள். நான் பயற்றம் பணியாரம் கொண்டுவந்தேன், அந்த அம்மா செய்முறையை எழுதி வாங்கிக்கொண்டார்.

அடுத்த காணொளி செயிண்ட் லாரன்ஸிலிருந்து. நாளை காலையில் புறப்படுகிறேன். வணக்கம்.