ஆலமரம் இல்லை, டவர் இருக்கிறது

(சென்னையில் ஒரு வாசகர் வட்டத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். இருபது பேருக்கு மைக் எதற்கு என்று கேட்டேன். இந்த மின்விசிறியின் சத்தத்தைக் கேட்டபிறகு, சரி, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இந்தப் புத்தகம் உங்களில் பாதிப் பேர் வீட்டுக்கு வந்துபோனதுதான். மற்றவர்களுக்காகக் காட்டுகிறேன். பழைய அட்டை போய்விட்டது. இப்போது இருப்பது காலண்டர் அட்டை. வட தமிழ்நாட்டின் உள்ரோடுகளில் எப்படிப் போவது, எங்கே இறங்கிப் பார்ப்பது என்று சொல்லும் பயண வழிகாட்டி. திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதையில் போட்டித் தேர்வு கைடுகளுக்கு அடியில் கிடந்தது. கடைக்காரர் எண்பது சொன்னார், நான் ஐம்பதுக்குக் கேட்டேன். "ரோடெல்லாம் மாறிப்போச்சு சார், இது எதுக்கு உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டு அறுபதுக்குக் கொடுத்தார். விற்கிறவரே சரக்கைக் குறை சொன்னதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அவர் சொன்னது உண்மை. புத்தகத்தில் சென்னையிலிருந்து தெற்கே போகும் ஜி.எஸ்.டி. ரோடு (கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு) இன்னும் தேசிய நெடுஞ்சாலை 45. நாடு முழுக்க எண்களை மாற்றிய 2010-க்குப் பிறகு திண்டிவனம் வரைக்கும் அது 32. பெங்களூர் ரோடு 4-லிருந்து 48 ஆகிவிட்டது. வந்தவாசி இதில் வட ஆற்காடு மாவட்டத்தில் இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டம் பிரிந்தது 1989-ல். உத்திரமேரூர் செங்கல்பட்டு மாவட்டத்தில். 1997-ல் அந்த மாவட்டமே காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று இரண்டானது. 2019-ல் செங்கல்பட்டு மறுபடி தனி மாவட்டமாக வந்தபோது உத்திரமேரூர் காஞ்சிபுரத்தோடேயே நின்றுவிட்டது. ஊர் நகரவில்லை, முகவரி மட்டும் அலைந்துகொண்டிருக்கிறது.

வாங்கிய புதிதில் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். பேனாவும் வெள்ளை மையுமாக உட்கார்ந்து புத்தகத்தைத் திருத்த ஆரம்பித்தேன். ஆறு பக்கம் பூசி முடித்தபிறகுதான் வந்தவாசி – செஞ்சி பக்கம் வந்தது. அங்கே முன்னால் வைத்திருந்தவர் ஊதா மையில் ஏதோ எழுதியிருந்தார். கை நின்றுவிட்டது.

அந்தப் பக்கத்தை அப்படியே படிக்கிறேன். அச்சில் இருப்பது: "ஆலமரத்தடியில் இடப்புறம் திரும்புக." பக்கத்தில் ஊதா மை: "மரம் பாதி முறிந்துவிட்டது. புயல்." அதற்குக் கீழே, போய்ப் பார்த்துவிட்டு வந்து நான் எழுதியது: "ஆலமரம் இல்லை. டவர் இருக்கிறது." எனக்கு அப்புறம் வாங்கிப்போனவர்: "டவர் இரண்டு இருக்கிறது. எந்த டவர்?" கடைசியாக ஓரத்தில், எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில்: "ஆலமரத்து ஸ்டாப் என்று கேட்டால்தான் வழி சொல்கிறார்கள்."

மரம் போய் எத்தனை வருஷமோ, ஊர்க்காரர்கள் வாயில் அது இன்னும் நிற்கிறது. நான் அந்த வரியின்மேல் வெள்ளை பூசியிருந்தால், அடுத்து போகிறவர் இரண்டு டவருக்கும் நடுவே நின்று முழித்திருப்பார். அதனால்தான் இந்தப் புத்தகத்தை வாங்கிப்போகிற எல்லோரிடமும் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தப்பு என்று தெரிந்தாலும் அழிக்காதீர்கள். பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள், தேதி போடுங்கள். பென்சில் ஏன் என்றால், நீங்கள் எழுதுவதும் ஒருநாள் பழசாகும். கிழிந்தால் செல்லோடேப் ஒட்டாதீர்கள். மஞ்சளாகிப் பக்கத்தைத் தின்றுவிடும். மைதா பசையும் மெல்லிய காகிதமும் போதும்.

தேதி எதற்கு என்று கேட்டார்கள். ஒரு தரைப்பாலத்தைப் பற்றி ஒருவர் "தாராளமாகப் போகலாம்" என்று எழுதியிருக்கிறார், இன்னொருவர் "போகவே முடியாது, திரும்பிவிட்டோம்" என்று எழுதியிருக்கிறார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் போனது பங்குனியில், மற்றவர் போனது ஐப்பசி அடைமழையில்.

உத்திரமேரூருக்கு அச்சுப் புத்தகம் கொடுத்திருப்பது மூன்றே வரி. பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921, அவ்வளவுதான். நம் வட்டத்து ஆசிரியை ஒருவர் கீழே சேர்த்திருக்கிறார்: "உச்சிவேளையில் போகாதீர்கள். வெயில் சாய்வாக விழும்போது போனால் எழுத்து எழுந்து நிற்கும். கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவினரும் தேர்தலில் நிற்க முடியாது என்ற பகுதியை மாணவர்களுக்குக் காட்டுங்கள்." (சிரிப்பு.) நீங்கள் சிரிக்கிறீர்கள், அவருடைய மாணவர்களும் சிரித்தார்களாம்.

அப்புறம் சுமைதாங்கிக் கல். இரண்டு கல்லை நட்டு மேலே ஒன்றைக் குறுக்கே போட்டிருப்பார்கள். தலைச்சுமையை யாருடைய உதவியும் இல்லாமல் இறக்கி வைக்கலாம், திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக நட்டு வைப்பது வழக்கம். இத்தனை பக்கத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எழுதியவர் காரிலேயே போயிருப்பார் போலிருக்கிறது. நம்மவர்கள் பென்சிலால் குறித்தவை மட்டும் ஏழு இடங்கள்.

"ஸ்கேன் பண்ணி குரூப்பில் போட்டுவிடலாமே சார்" என்று ஒரு தம்பி கேட்டார். புத்தகம் எழுதியவருக்கும் போட்டவருக்கும் உரிமை இருக்கிறது, அது ஒன்று. அதைவிட, என் செல்போனில் அப்படி வந்து சேர்ந்த புத்தகங்கள் முந்நூறுக்கு மேல் இருக்கும். ஒன்றைக்கூடத் திறந்ததில்லை. இது கையில் இருந்தால், அடுத்தவர் காத்திருக்கிறாரே என்ற உறுத்தல் இருக்கும். அந்த உறுத்தலில்தான் பல பேர் வண்டியை எடுத்திருக்கிறார்கள்.

நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதனின் ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. அது வெளிவந்த அதே 1931-ல்தான் மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் புத்தகத்தை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்கள். நாம் அறுபது ரூபாய்ப் புத்தகம் ஒன்றைச் சுற்றவிட்டதற்குப் பெருமைப்பட்டுக்கொள்ள ஒன்றுமில்லை.

ஒருமுறை இது எட்டு மாதம் காணாமல் போனது. இரவல் நோட்டில் பெயர் இருக்கிறது, ஆள் வீடு மாற்றிவிட்டார். போன் போட்டால் "சாமான் இன்னும் பிரிக்கல சார்" என்ற ஒரே பதில். நானும் கொஞ்சம் கடுமையாகப் பேசிவிட்டேன். கடைசியில் அவரே கொண்டுவந்து கொடுத்தார். எங்கேயும் போகவில்லை என்றார். ஆனால் பின்பக்க வெற்றுத் தாள் முழுக்கப் புதிய எழுத்து. அவருடைய அம்மாவுக்குத் தேசூர் பக்கத்தில் பிறந்த ஊர். அந்த அம்மா வீட்டிலேயே உட்கார்ந்து, சிறுவயதில் ஏறிப்போன பஸ் நின்ற நிறுத்தங்களை வரிசையாக எழுதியிருக்கிறார். களத்துமேடு, மாமரத் தோப்பு, செக்கு வீடு. பாதிக்கு மேல் எந்த வரைபடத்திலும் இல்லாத பெயர்கள். போய்விட்டு வந்துதான் எழுத வேண்டும் என்று நானே வைத்திருந்த விதியை அன்றைக்கு எடுத்துவிட்டேன்.

நோட்டில் அடுத்த பெயர் யார்? மூன்றாவது வரிசையா? வாருங்கள், வந்து வாங்கிக்கொள்ளுங்கள். பென்சில் உள்ளேயே இருக்கிறது. அந்தக் கடைசித் தாளில் செக்கு வீட்டுக்கு அடுத்தது ஞாபகம் வராமல் அம்மா ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார். தேசூர் வழியாகப் போனால் அது என்ன நிறுத்தம் என்று கேட்டுக்கொண்டு வாருங்கள்.