சாவை ஹாரி எப்படி ஜெயிப்பான்?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மந்திரப் பள்ளியில் படிக்கும் சிறுவன் ஹாரி பாட்டர் கதையின் ஆறாவது புத்தகம் 2005 ஜூலை 16 அன்று வெளிவந்தது. ஏழாவதும் கடைசியுமான புத்தகம் 2007 ஜூலை 21 அன்று வந்தது. இடையில் இருந்த இரண்டு வருடமும் உலகம் முழுக்க வாசகர்கள் ஒரே கேள்வியைத்தான் அலசிக்கொண்டிருந்தார்கள். ஹாரி பிழைப்பானா? பிழைத்தால் எப்படி? நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. அந்த ஊகங்களைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன். கதையின் முடிவைச் சொல்லாமல் இதைப் பேச வழியில்லை. இனிமேல்தான் படிக்க வேண்டும் என்று வைத்திருப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஹாரியின் பெற்றோரைக் கொன்று, கைக்குழந்தையாக இருந்த அவனையும் கொல்லப் பார்த்துத் தோற்றுப்போன கொடிய மந்திரவாதி வோல்டமார்ட். அவன் சாவுக்குப் பயந்தவன். சாகாமல் இருப்பதற்காகத் தன் ஆன்மாவைத் துண்டு துண்டாக்கி, வெவ்வேறு பொருள்களில் ஒளித்து வைக்கிறான். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கொலை. இந்த ஏற்பாடு நமக்குப் புதிதில்லை. ஏழு கடல் ஏழு மலை தாண்டி, கிளிக்குள் உயிரை வைத்திருந்த அரக்கனைக் கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம்! ரஷ்ய நாட்டுப்புறக் கதையில் கஷ்செய் என்று ஒருவன் வருவான். அவன் உயிர் ஊசியில், ஊசி முட்டையில், முட்டை வாத்தில், வாத்து முயலில். நாயகனுக்கு அங்கே வேலை ஒன்றுதான். உயிர் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து அழித்துவிட வேண்டும்.

ஹாரியின் கதையில் அது அவ்வளவு சுலபமில்லை. அந்தத் துண்டுகளில் ஒன்று ஹாரிக்குள்ளேயே இருந்தால்?

இந்தச் சந்தேகம் சும்மா எழவில்லை. ஹாரிக்குப் பாம்புகளின் மொழி தெரியும். வோல்டமார்ட் கோபப்பட்டால் இவன் நெற்றித் தழும்பு வலிக்கிறது. அவன் தன்னை அறியாமலே தன்னில் கொஞ்சத்தை உனக்குள் விட்டுவிட்டான் என்ற பொருளில் தலைமையாசிரியர் டம்பிள்டோர் இரண்டாவது புத்தகத்திலேயே பேசிவிடுகிறார். சரி, அப்படியென்றால் ஹாரி இருக்கும்வரை வோல்டமார்ட்டுக்குச் சாவில்லை. உடனே எதிர்த்தரப்பு கேட்டது: தன் ஆன்மாவின் துண்டையே அவன் ஏன் மறுபடி மறுபடி கொல்லப் பார்க்கிறான்? அவனுக்கே தெரியாது என்று பதில் வந்தது. எனக்கு அன்றைக்கும் அந்தப் பதில்தான் சரியாகப் பட்டது.

அப்புறம் ஆரம்பித்தது, ஹாரியைத் தப்ப வைக்கும் வேலை. ஃபீனிக்ஸ் பறவையின் கண்ணீர் அவனைக் காப்பாற்றும் என்றார்கள் சிலர். மந்திர அமைச்சகத்தில் ஒரு வளைவும் அதில் ஆடும் திரையும் உண்டு. ஹாரியின் ஞானத்தந்தை சிரியஸ் அதற்குள் விழுந்துதான் செத்துப்போனார். ஹாரி அதற்குள் போய்த் திரும்பி வருவான் என்றார்கள் வேறு சிலர். அதே அமைச்சகத்தில் எந்தக் கத்தியாலும் திறக்க முடியாத ஓர் அறை இருக்கிறதே, பதில் அங்கேதான் என்று ஒரு கட்சி.

இந்த வாசகர்களின் கண் எவ்வளவு கூர்மை என்பதற்கு ஒரு சின்ன சாட்சி சொல்கிறேன். ஐந்தாவது புத்தகத்தில் சிரியஸ் வீட்டின் பழைய அலமாரியை எல்லோரும் சேர்ந்து சுத்தம் செய்கிறார்கள். வேண்டாத சாமான்களின் பட்டியலில், யாராலும் திறக்க முடியாத கனமான ஒரு லாக்கெட் என்று போகிறபோக்கில் ஒரு வரி. அவ்வளவுதான். ஆறாவது புத்தகத்தில் ஆன்மாத் துண்டு ஒளித்த லாக்கெட்டைக் காணோம் என்றதும், அந்த வரியைத் தேடிப் பிடித்துவிட்டார்கள். அது சரி என்று ஏழாவது புத்தகம் சொன்னது. முதல் புத்தகத்தில் மந்திர மருந்து ஆசிரியர் ஸ்நேப் தன் முதல் வகுப்பில், சாவுக்கே மூடி போடக் கற்றுத்தருவேன் என்கிறார். வாசகர்கள் அந்தப் பேச்சையும் விடவில்லை. ஆறாவது புத்தகத்தில் ஸ்நேப் கையால் சாகும் டம்பிள்டோர் அதற்கு முன்பே செத்துக்கொண்டிருந்தார், ஸ்நேப்தான் அதைத் தள்ளிப்போட்டார் என்று ஊகித்தார்கள். அதுவும் கிட்டத்தட்ட அப்படியே நடந்திருந்தது.

எழுத்தாளர் ரௌலிங்கும் சும்மா இருக்கவில்லை. 2004 ஆகஸ்டில் எடின்பரோ புத்தக விழாவில், ஹாரி ஏன் பிழைத்தான் என்று கேட்காதீர்கள், வோல்டமார்ட் ஏன் சாகவில்லை என்று கேளுங்கள் என்ற விதமாகச் சொன்னார். 2006 ஆகஸ்டில் நியூயார்க்கில் அவருடன் மேடையேறிய ஸ்டீஃபன் கிங்கும் ஜான் இர்விங்கும் ஹாரியைக் கொன்றுவிடாதீர்கள் என்று வேண்டிக்கொண்டார்கள். அங்கே பார்வையாளர்களுக்கு நடுவிலிருந்து சல்மான் ருஷ்டி தன் மகனோடு எழுந்து, டம்பிள்டோர் உண்மையில் சாகவில்லை என்று தங்கள் ஊகத்தைச் சொன்னார். அவர் இறந்துவிட்டார் என்று ரௌலிங் உறுதியாகச் சொல்லிவிட்டார். உலகம் அறிந்த நாவலாசிரியர்களையும் பள்ளிப் பிள்ளைகளையும் இந்தக் கதை ஒரே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டது.

இனி, எல்லோரும் மண்டையை உடைத்துக்கொண்ட அந்த ஒரு வாக்கியம். நான்காவது புத்தகத்தில் வோல்டமார்ட் ஹாரியின் ரத்தத்தை எடுத்துத் தனக்குப் புது உடம்பு தேடிக்கொள்கிறான். ஹாரி வந்து இதைச் சொன்னபோது, டம்பிள்டோர் கண்ணில் ஒரு கணம் வெற்றிக் களை போல ஏதோ தெரிந்தது. அடுத்த கணம் பார்த்தால் அதே களைத்த கிழவர். எதிரி பலம் பெற்ற சேதியில் என்ன வெற்றி? ஏழாவது புத்தகம் வரும்வரை விடை இல்லை. ஹாரியின் தாய் தன் உயிரைக் கொடுத்து அவனுக்கு வாங்கித்தந்த காப்பு, இப்போது எதிரியின் ரத்தத்திலும் ஓடுகிறது. எதிரி உயிரோடு இருக்கும்வரை அவனே ஹாரியை உயிரோடு பிடித்து வைத்திருப்பான். ரத்தத்தில்தான் விஷயம் இருக்கிறது என்று பலர் மோப்பம் பிடித்திருந்தார்கள்.

ஆனால் நாங்கள் பெரும்பாலும் தேடியது தப்பிக்கும் வழியை. கதை கேட்டது அதை இல்லை. அந்த வழி வேலை செய்ய வேண்டுமானால் ஹாரி முதலில் உண்மையாகவே சாகத் தயாராக வேண்டும். பிழைப்போம் என்று தெரியாமல், மந்திரக்கோலை உயர்த்தாமல், வோல்டமார்ட் காத்திருக்கும் காட்டுக்குள் அவன் நடந்து போகிறான்.

பெற்றோரின் கல்லறையில் ஹாரி படிக்கும் வாசகம் பைபிளில் வருவது. தமிழில் அது "பரிகரிக்கப்படும் கடைசிச் சத்துரு மரணம்" என்று இருக்கிறது. ஹாரி பதறிப்போகிறான். இது வோல்டமார்ட் கூட்டத்தின் எண்ணம் ஆயிற்றே, இங்கே எப்படி வந்தது? அந்த அர்த்தம் இல்லை, சாவுக்கு அப்பாலும் வாழ்வதைச் சொல்கிறது என்று தோழி ஹெர்மயனி விளக்குகிறாள். சாவை ஜெயிப்பது என்பதில் இப்படி இரண்டு பாதை இருப்பதை முதல் புத்தகமே காட்டிவிட்டது. சாகாமைக்கு வழி செய்யும் ரசவாதக் கல்லை வைத்திருந்த நிக்கோலஸ் ஃபிளாமெல், 665 வயதில், அந்தக் கல்லை அழிக்கச் சம்மதித்துவிட்டு மனைவியோடு சாகத் தயாராகிறார். ஃபிளாமெல் நிஜத்தில் பாரிஸில் வாழ்ந்தவர், 1418-இல் இறந்தவர். அவர் கல்லறைக் கல் இன்றும் பாரிஸ் க்ளூனி அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ரௌலிங் இந்தக் கதையை எழுதத் தொடங்கிய 1990-ஆம் ஆண்டின் டிசம்பரில் அவருடைய அம்மா இறந்துபோனார். வயது 45. மகள் இந்தக் கதையை எழுதுவது அவருக்குத் தெரியவே தெரியாது. அதை நினைத்துக்கொண்டு, ஐந்தாவது புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். சிரியஸ் ஆவியாகத் திரும்பி வருவாரா என்று பள்ளிக்கூடத்துப் பேய் நிக்கிடம் ஹாரி கெஞ்சுகிறான். வரமாட்டார் என்கிறார் நிக். நான் சாவுக்குப் பயந்தேன், அதனால்தான் இங்கேயே தங்கிவிட்டேன் என்கிறார். ஹாரி சாவை எப்படி எதிர்கொள்வான் என்பதற்கு, எங்கள் எல்லா ஊகங்களையும்விட அந்தப் பேச்சு மிக அருகில் வந்திருந்தது.

நன்றி, வணக்கம்.