ஒரே வார்த்தை, பழைய வேலூர் மாவட்டம் ஃபுல்லா: 'டிஸ்சார்ஜ்'

எல்லாருக்கும் வணக்கம் பா. இங்கிலீஷ் வார்த்தை படிக்கணும்னு உக்காந்தா நம்மாளுங்க பண்றது இன்னா, ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கி நடுவுல கோடு கிழிச்சு இந்தப் பக்கம் வார்த்தை அந்தப் பக்கம் தமிழ் அர்த்தம்னு எழுதிகினே போறது. அர்த்தம் எல்லாம் மனப்பாடம் ஆயிடும், பேச வாயைத் தொறந்தா மட்டும் ஒன்னும் வராது. ஏன்னா அந்த வார்த்தை யாரோட சேரும், பின்னாடி 'ஃப்ரம்' வருமா 'இன்டு' வருமாங்கறது அந்த நோட்டுல இல்லவே இல்ல, அது வாக்கியத்துல தான் கீது.

அதனால இன்னைக்கு ஒரே ஒரு வார்த்தை தான். டிஸ்சார்ஜ்.

(ஸ்க்ரீன்ல: ஷி வாஸ் டிஸ்சார்ஜ்டு ஃப்ரம் ஹாஸ்பிடல் யெஸ்டர்டே.)

சி.எம்.சி. ஆஸ்பத்திரி இருக்கற நம்ம வேலூர்ல இந்த வார்த்தையை யாருக்கும் சொல்லித்தர வேணாம். 1900ல ஐடா ஸ்கடர்னு ஒரு அமெரிக்க டாக்டரம்மா ஒத்தை பெட்டோட ஆரம்பிச்சது, இன்னைக்கு அந்தப் பக்கம் லாட்ஜுங்கள்ல பெங்காலி போர்டே தொங்குது, அவ்ளோ தூரத்துல இருந்து வராங்க. ஆனா வாக்கியத்துல நீங்க பாக்க வேண்டியது 'வாஸ்'. நாம தமிழ்ல "அம்மா டிஸ்சார்ஜ் ஆயிட்டாங்க"ன்னு சொல்லிப் பழகிட்டு அதே சூட்டோட "மை மதர் டிஸ்சார்ஜ்டு யெஸ்டர்டே"ன்னு விட்டுடறோம். டிஸ்சார்ஜ் பண்றது டாக்டருங்க, அம்மாவை அனுப்பி வெக்கறாங்க, அதனால 'வாஸ்' இல்லாம அந்த வாக்கியம் நிக்காது. எங்க இருந்து அனுப்பறாங்களோ அதுக்கு முன்னாடி 'ஃப்ரம்'.

இப்போ அப்படியே ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் போவோம்.

(ஸ்க்ரீன்ல: தி டேனரீஸ் டிஸ்சார்ஜ்டு எஃப்ளூயன்ட்ஸ் இன்டு தி பாலார்.)

டேனரி, அதாவது தோல் பதனிடற ஃபேக்டரி, கழிவுத்தண்ணியை சுத்தம் பண்ணாம பாலாத்துல விடறாங்கன்னு வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, 1996ல தீர்ப்பு வந்துச்சு, கெடுத்தவன் தான் காசு கட்டணும்னு. சட்டம் படிக்கற புள்ளைங்க இன்னைக்கும் அந்தக் கேஸைப் படிச்சுகினு தான் இருக்காங்க. சரி வார்த்தைக்கு வருவோம், இங்க 'ஃப்ரம்' இல்ல 'இன்டு', ஏன்னா எங்க போய் விழுதுன்னு சொல்றோம். அப்புறம் டேனரி தானே விடுது, அதனால 'வாஸ்' 'வேர்' எதுவும் வேணாம். ஒரே வார்த்தை, வாக்கியம் மாறினதும் எவ்ளோ மாறுது பாருங்க.

போற போக்குல ஒன்னு. 'எஃப்ளூயன்ட்'டும் 'ஃப்ளூயன்ட்'டும் ஒரே வேர், லத்தீன்ல ஓடறதுன்னு அர்த்தம். வெளிய ஓடினா கழிவு, தடங்கல் இல்லாம வாய்ல இருந்து ஓடினா ஃப்ளூயன்ட் இங்கிலீஷ். எனக்கு இதுல ஒரு அல்ப சந்தோஷம்.

கம்மவான்பேட்டை மாதிரி மிலிட்டரிக்காரங்க அதிகமா இருக்கற ஊர்ல கேட்டீங்கன்னா அவங்க வேற சொல்வாங்க. சர்வீஸ் முடிச்சு வந்தவங்க கைல டிஸ்சார்ஜ் புக் இருக்கும். ஹி வாஸ் டிஸ்சார்ஜ்டு ஃப்ரம் தி ஆர்மி. ஆஸ்பத்திரி வாக்கியம் மாதிரியே தான், ஆர்மி அவரை விடுவிக்குது, அதனால மறுபடி 'வாஸ்', மறுபடி 'ஃப்ரம்'. செல்போன் பேட்டரி டிஸ்சார்ஜ் உங்களுக்கே தெரியும், விட்டுடறேன். இது எல்லாத்துக்கும் அடியில இருக்கறது ஒரே அர்த்தம்: சுமையை இறக்கறது. பழைய பிரெஞ்சுல சார்ஜ்னா ஏத்தறது, டிஸ்சார்ஜ்னா இறக்கறது. ஏத்தின துப்பாக்கியைச் சுட்டாலும் இங்கிலீஷ்ல டிஸ்சார்ஜ் தான்.

அதனால நோட்டுல அர்த்தம் ஒரு வரி எழுதுங்க, வாக்கியம் ரெண்டு மூணு எழுதுங்க, உங்க தெருவுல நிஜமாவே நடந்ததா இருக்கட்டும். டிக்ஷனரி வாங்கறதா இருந்தா லேர்னர்ஸ் டிக்ஷனரி வாங்குங்க. லாங்மேன் மாதிரி சிலதுல விளக்கமே சுமார் 2000 சுலபமான வார்த்தைக்குள்ள தான் எழுதியிருப்பாங்க, வாக்கியமும் இருக்கும். எழுதினதை மறுநாள் வார்த்தையை மட்டும் விரலால மூடிட்டு படிச்சுப் பாருங்க, அப்புறம் ரெண்டு மூணு நாள் விட்டு, அப்புறம் ஒரு வாரம் விட்டு. 1885லயே எபிங்ஹாஸ்னு ஒரு ஜெர்மன்காரர் தன்னையே வெச்சு சோதிச்சு எழுதிட்டாரு, படிச்சது முதல் நாள்ல தான் சரசரன்னு மறக்குதுன்னு. ஒரே ராத்திரியில நூறு வார்த்தை படிக்கறது சுத்த வேஸ்ட் பா.

இப்போ உங்க டர்ன். வார்த்தை 'ரிலீவ்'. தலைவலி மாத்திரைக்கு ஒரு வாக்கியம், வேலையை விட்டா குடுக்கற ரிலீவிங் ஆர்டருக்கு ஒரு வாக்கியம் நீங்க எழுதுங்க. மூணாவது நம்ம வேலூர் கோட்டைக்காக நான் தரேன். 1806 ஜூலை 10, சிப்பாய்ங்க எழுந்து கோட்டையைப் புடிச்சதும் ஆற்காட்டுல இருந்து குதிரைப்படையோட கில்லெஸ்பின்னு ஒரு பிரிட்டிஷ் அதிகாரி வந்தான், உள்ள மாட்டிகினு இருந்த வெள்ளைக்காரப் படையை, அதாவது கேரிசனை, மீட்கறதுக்கு.

(ஸ்க்ரீன்ல: கில்லெஸ்பி ரோடு ஃப்ரம் ஆர்காட் அண்ட் ரிலீவ்டு தி கேரிசன்.)

வீடியோவை இங்க நிறுத்திட்டு மத்த ரெண்டையும் எழுதுங்க.