பன்னிரண்டு வாரம், ஒரே ஒரு பாடம்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். கல்லூரியில் படிக்கிற பிள்ளைகளும் அவர்களைப் படிக்க வைக்கிற பெற்றோரும் கேட்டுக்கொண்டிருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் பேசுகிறேன். வகுப்பெடுப்பதோடு, ஆன்லைன் பாடங்களில் சேரும் மாணவர்களுக்குப் பருவம் முழுக்க வழிகாட்டுகிற பொறுப்பும் எனக்கு உண்டு. அந்த வேலையில் நான் பார்த்ததை வைத்துத்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

ஆன்லைன் பாடம் என்றதும் பலருக்கும் கொரோனா காலத்து வகுப்புதான் நினைவுக்கு வருகிறது. நான் சொல்வது அது இல்லை. 2003ஆம் ஆண்டில் ஏழு ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து என்பிடெல் என்ற திட்டத்தைத் தொடங்கின. தங்கள் வகுப்பறைப் பாடங்களை வீடியோவாக எடுத்து, நாட்டில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று பொதுவில் வைத்தார்கள். 2014இலிருந்து அதற்கு வாராந்திர அசைன்மென்ட், நேரடித் தேர்வு, சான்றிதழ் எல்லாம் வந்தன. 2017 ஜூலையில் மத்திய அரசு ஸ்வயம் என்ற ஆன்லைன் பாடத் தளத்தைத் தொடங்கியது. இன்று என்பிடெல் பாடங்கள் அதன் வழியாகவே நடக்கின்றன. பொறியியல் மாணவர்களுக்கு மட்டும்தான் என்று நினைத்துக் கலைக் கல்லூரிப் பிள்ளைகள் ஒதுங்கிப் போவதைப் பார்க்கிறேன். ஒதுங்க வேண்டாம். பொருளியல், உளவியல், ஆங்கிலம், வணிகவியல், வரலாறு என்று எல்லாத் துறைப் பாடங்களும் ஸ்வயத்தில் இருக்கின்றன.

பாடத்தில் சேர ஒரு பைசா வேண்டாம். பெரிய வசதிதான், ஆனால் சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. காசு கொடுக்காமல் சேர்ந்ததை விட்டுவிடுவதும் சுலபம். அமெரிக்காவில் ஹார்வர்டும் எம்ஐடியும் நடத்திய ஆன்லைன் பாடங்களின் ஆறு வருடக் கணக்கை இரண்டு ஆய்வாளர்கள் எடுத்து, 2019இல் சயன்ஸ் இதழில் வெளியிட்டார்கள். பதிவு செய்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பாடத்துக்குள் ஒருமுறைகூட நுழையவே இல்லை. 2017-18இல் படித்து முடித்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்தான். சான்றிதழுக்குப் பணம் கட்டிச் சேர்ந்தவர்களிலோ, அதே வருடம் நூற்றுக்கு 46 பேர் முடித்திருந்தார்கள். பாடமும் அதுவே, ஆசிரியரும் அவரே. முடிக்க வேண்டும் என்று முன்பே தீர்மானித்துக்கொண்டு வந்தவர்கள்தான் முடித்தார்கள்.

அதனால் நான் என் மாணவர்களிடம் எப்போதும் சொல்வது, ஒரு பருவத்துக்கு ஒரே ஒரு பாடம். ஐந்து பாடத்தில் பெயர் கொடுத்துவிட்டு ஐந்தையும் மூன்றாவது வாரத்தில் கைவிடுவது வேண்டாம். சேர்வதற்கு முன் அந்தப் பாடத்தின் முதல் வார வீடியோ இரண்டை முழுசாகப் பாருங்கள். முன்கூட்டியே என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று பாடத்தின் பக்கத்திலேயே எழுதியிருப்பார்கள், அதையும் வாசியுங்கள். நிகழ்தகவு தெரியாமல் மெஷின் லேர்னிங்கில் சேர்ந்தால் இரண்டாவது வாரமே மூச்சு முட்டும். நண்பர்கள் எல்லாரும் எடுக்கிறார்கள் என்பதற்காக மட்டும் ஒரு பாடத்தை எடுக்காதீர்கள்.

சரி, சேர்ந்தாயிற்று. இனி சொல்லப்போவதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். பாடத்தில் சேர்வது வேறு, தேர்வுக்குப் பதிவு செய்வது வேறு. பாடத்தில் சேர்ந்துவிட்டால் தேர்வும் தானாக வந்துவிடும் என்று நினைத்து, தேர்வுப் பதிவுக்கான கடைசித் தேதியைத் தவறவிட்டவர்கள் ஒவ்வொரு பருவமும் இருக்கிறார்கள். தேர்வுக்குத்தான் கட்டணம். அதைத் தனியாகக் கட்டி, படமும் கையெழுத்தும் ஏற்றி, தேர்வு ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நம் ஊரில் இன்னொரு பிரச்சினையும் உண்டு, இனிஷியல். மதிப்பெண் பட்டியலில் ஒரு மாதிரி, ஆதாரில் அப்பா பெயரை விரித்து வேறு மாதிரி, மின்னஞ்சலில் செல்லப் பெயர். பதிவில் நீங்கள் தட்டச்சு செய்கிற பெயர்தான் சான்றிதழில் அச்சாகும். பிறகு மாற்றித் தர மாட்டார்கள். கல்லூரி மதிப்பெண் பட்டியலில் எப்படி இருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே கொடுங்கள்.

அடுத்தது மதிப்பெண் கணக்கு. என்பிடெல் பாடங்களில் வாராந்திர அசைன்மென்டுக்கு 25, தேர்வுக்கு 75. 12 வாரப் பாடத்தில் சிறப்பாகச் செய்த எட்டு அசைன்மென்டின் சராசரியைத்தான் எடுப்பார்கள். எட்டு வாரப் பாடமென்றால் ஆறு, நாலு வாரப் பாடமென்றால் மூன்று. ஆக ஓரிரு வாரம் காய்ச்சல், ஊர்த் திருவிழா, செமஸ்டர் தேர்வு என்று தவறிப்போனாலும் பயப்பட வேண்டாம். சான்றிதழ் கிடைக்க வேண்டுமானால் அசைன்மென்டில் 25க்குக் குறைந்தது 10, தேர்வில் 75க்குக் குறைந்தது 30, இரண்டும் தனித்தனியாக வேண்டும். இந்த ‘தனித்தனியாக’ என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு மாணவி அசைன்மென்டில் 25க்கு 25 வாங்கியிருக்கிறார், தேர்வில் நூற்றுக்கு 36 என்று வைத்துக்கொள்வோம். 36 என்பது 75க்கு 27. கூட்டினால் 52. ஆனாலும் சான்றிதழ் கிடையாது, தேர்வில் 30 வரவில்லை.

இது கற்பனைக் கணக்கு என்று நினைக்காதீர்கள். அசைன்மென்டில் முழு மதிப்பெண், தேர்வில் தடுமாற்றம் என்கிற இந்த நிலையை நிறையவே பார்க்கிறேன். காரணம் உங்களுக்கே தெரியும். ஒவ்வொரு வாரமும் அசைன்மென்ட் வெளியான சில மணி நேரத்தில் அதன் விடைகள் டெலிகிராம் குழுவிலும் யூடியூபிலும் வந்துவிடுகின்றன. வாட்ஸ்அப்பில் ஒருவர் அனுப்ப, வகுப்பு முழுவதும் அதையே போட்டு முடித்துவிடுகிறது. சில சமயம் அந்த விடைகளே தப்பாக இருக்கும், வகுப்பே ஒரே தப்பைச் செய்திருக்கும். எனக்கு வருத்தம் அந்தத் தப்பு விடைக்காக இல்லை. பேராசிரியர் ஒவ்வொரு வாரமும் பத்துக் கேள்வி எதற்காகக் கொடுக்கிறார்? அந்த வாரப் பாடத்தில் உங்களுக்கு எது புரியவில்லை என்று உங்களுக்கே காட்டிக்கொடுக்கத்தான். தப்பாகப் போடுவதற்கு அதைவிடப் பாதுகாப்பான இடம் இல்லை. 25இல் 15 வாங்கினாலும் சொந்தமாக வாங்குகிறவர், தேர்வு மையத்தில் கணினி முன்னால் உட்காரும்போது திகைக்க மாட்டார். அந்த அறைக்குள் வாட்ஸ்அப் குழு வராது. கல்லூரிகளும் இதற்கு ஒரு வகையில் பொறுப்பு. எத்தனை பேர் சான்றிதழ் வாங்கினார்கள் என்பதைத் தரமதிப்பீட்டுக்குக் கணக்குக் காட்டும் அவசரத்தில், என்ன படித்தார்கள் என்று கேட்க மறந்துவிடுகிறோம். என்னைப் போன்ற ஆசிரியர்கள் இதைத் துறைக் கூட்டங்களில் திரும்பத் திரும்பப் பேச வேண்டும்.

அப்புறம், வீடியோ பார்ப்பது. புள்ளிக்கோலம் போடுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கும்போது, இவ்வளவுதானா என்று தோன்றும். மாவை நம் கையில் கொடுத்தால் மூன்றாவது வளைவிலேயே கை நின்றுவிடும். நல்ல பேராசிரியரின் விரிவுரையும் அப்படித்தான். அவர் கரும்பலகையில் போடுகிற வரை எல்லாமே புரிந்த மாதிரிதான் இருக்கும். அமெரிக்காவில் இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2006இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு பகுதியை ஒரு குழு நான்கு முறை படித்தது. இன்னொரு குழு ஒருமுறை மட்டும் படித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ். படித்தவர்களுக்கு நூற்றுக்கு 40 பங்கு நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. உங்களுக்கான வழி இதிலேயே இருக்கிறது. வீடியோவைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். நோட்டை மூடிவிட்டு, கேட்டதை ஒரு வெள்ளைத்தாளில் எழுதுங்கள். கணக்கு என்றால் அவர் போட்டு முடிப்பதற்கு முன்பே நீங்கள் போட்டுப் பாருங்கள். அரை மணி வீடியோவுக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஆகட்டும். இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டிவிட்டு முடித்துவிட்டேன் என்பதைவிட அது எவ்வளவோ மேல்.

அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்துவிட்டு வந்த பிள்ளைகளை நினைத்து இதைச் சொல்கிறேன். விரிவுரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். சில பேராசிரியர்களின் உச்சரிப்பு பிடிபட ஒரு வாரம்கூட ஆகும். அது உங்கள் குறை இல்லை. வேகத்தை முக்காலாகக் குறைத்துக் கேளுங்கள். பேச்சு அப்படியே எழுத்தாகக் கிடைக்கும், அதை முதலில் வாசித்துவிட்டு வீடியோவுக்குப் போங்கள். என்பிடெல் பல பாடங்களின் உரையைத் தமிழிலும் மொழிபெயர்த்து வைத்திருக்கிறது. உங்கள் பாடத்துக்கு இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். கலந்துரையாடல் பகுதியில் கேள்வி கேட்கத் தயங்காதீர்கள். இலக்கணம் பார்த்து யாரும் மதிப்பெண் போடுவதில்லை, கேள்விக்குப் பதில்தான் சொல்கிறார்கள். வீட்டில் கணினி இல்லாதவர்கள் வீடியோவைக் கைபேசியில் பார்த்துவிடலாம். ஆனால் நிரல் எழுதுகிற பாடத்தைக் கைபேசியை மட்டும் வைத்துக்கொண்டு ஒப்பேற்ற முடியாது. கல்லூரி ஆய்வகத்தை மாலையில் ஒரு மணி நேரம் திறந்து வைக்கச் சொல்லிக் கேளுங்கள். நாலு பேர் சேர்ந்து கேட்டால் கிடைக்கும். அசைன்மென்டைக் கெடு முடிகிற ராத்திரிக்கு வைத்துக்கொள்ளாதீர்கள், மின்சாரமும் சிக்னலும் நமக்காகக் காத்திருக்காது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை கைபேசியைப் பார்த்துக்கொண்டு நோட்டில் எழுதினால் அது படிப்பாக இருக்கலாம். என்ன பாடம் என்று கேளுங்கள், சொல்லச் சொல்லிக் கேளுங்கள். குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு, ஆன்லைன்தானே, அப்புறம் பார்த்துக்கொள் என்று வீட்டு வேலை குறுக்கே வந்துகொண்டே இருக்கிறது. அவர்களுக்கென்று தினமும் ஒரு மணி நேரத்தை வீட்டில் எல்லாருமாக ஒதுக்கிக் கொடுங்கள்.

கிரெடிட் விஷயத்துக்கு, அதாவது இந்தப் பாடத்தை உங்கள் பட்டப்படிப்பின் கணக்கில் சேர்ப்பதற்கு வருகிறேன். ஒரு பருவத்துக்கான பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் படிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2021இல் விதி கொண்டுவந்தது. 2016 விதியில் இது 20 சதவீதமாகத்தான் இருந்தது. ஆனால் விதி இருக்கிறது என்பதற்காக உங்கள் சான்றிதழ் தானாகக் கிரெடிட்டாக மாறிவிடாது. உங்கள் பல்கலைக்கழகம் எந்தப் பாடத்தை எந்தப் பாடத்துக்கு மாற்றாக ஏற்கும் என்று துறைத் தலைவரிடம் சேர்வதற்கு முன்பே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்குகிற கிரெடிட்டுகளைச் சேர்த்து வைக்கிற அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் கணக்கையும் தொடங்கிவிடுங்கள்.

பட்டப்படிப்பையே ஆன்லைனில் படிக்க நினைக்கிறவர்கள் யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவுத் தளத்தில் அந்தப் பல்கலைக்கழகத்துக்கும் அந்தப் படிப்புக்கும் அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும். சென்னை ஐஐடி 2020இல் தொடங்கிய தரவு அறிவியல் படிப்பு நல்ல வாய்ப்பு. ஐஐடி நுழைவுக்கான ஜேஇஇ தேர்வு தேவையில்லை. நான்கு வாரப் பாடத்தைப் படித்து, தகுதித் தேர்வில் வென்றால் சேரலாம். தேர்வுகள் மையத்துக்கு நேரில் போய் எழுதுபவை. குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க யுஜிசி 2022இல் அனுமதித்திருப்பதால், இப்போது படிக்கிற படிப்பை விட வேண்டியதில்லை.

தனியார் பாடங்களில் நல்லவை பல இருக்கின்றன. ஆனால் வேலை உறுதி, இன்றே கடைசி நாள் என்று தொலைபேசியில் அவசரப்படுத்துகிறவர்களிடம் நிதானமாக இருங்கள். மாதத் தவணை என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒரு நிதி நிறுவனம் உங்கள் அப்பா, அம்மா பெயரில் கொடுக்கிற கடன். பாடத்தைப் பாதியில் விட்டாலும் தவணை நிற்காது. அப்பாவின் கைபேசிக்கு வருகிற ஓடிபியை யாரிடமும் சொல்லும் முன், தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று முழுவதும் வாசியுங்கள்.

கடைசியாக, இறுதியாண்டு மாணவர்களுக்கு. தேர்வு முடிந்து முடிவு வரச் சில வாரங்கள் ஆகும். கிரெடிட்டுக்காகக் கடைசிப் பருவத்தில் பாடம் எடுத்தால், முடிவு வருவதற்குள் பல்கலைக்கழகத்தின் கெடு தாண்டிப் போகலாம், பட்டமே தள்ளிப்போகலாம். அதனால் அதற்கு முந்தைய பருவத்திலேயே எடுத்து முடித்துவிடுங்கள். பாடங்கள் ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்குகின்றன. தேர்வு நாளில் ஹால் டிக்கெட்டோடு அசல் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். மையம் வேறு ஊரில் விழுந்திருந்தால் முதல் பேருந்தைப் பிடித்துவிடுங்கள். வணக்கம்.