மளிகை நோட்டு எங்கே போனது?

நேயர்களுக்கு வணக்கம். மத்திய அரசின் மாதிரிக் கணக்கெடுப்பில் களப்பணி பார்த்து ஓய்வு பெற்றவள் நான். டெல்லியில் தெருத் தெருவாக நடந்து, கதவைத் தட்டி, போன வாரம் காய்கறிக்கு எவ்வளவு செலவாச்சு, எண்ணெய் எத்தனை லிட்டர் வாங்கினீங்க என்று கேட்பதுதான் வேலை. கரோல்பாகிலும் முனிர்காவிலும் சில வீடுகளில் என் இந்தியைக் கேட்டதும், "நம்ம ஊரா நீங்க?" என்று தமிழில் கேட்பார்கள். அப்புறம் காபி வரும். காபிக்குப் பிறகு கணக்கும் ஒழுங்காக வரும்.

மக்கள் வாங்குகிற பழக்கமும் பார்க்கிற பழக்கமும் எப்படி மாறுகின்றன என்பதைப் புள்ளிவிவரங்களோடு பேசச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்த இடத்திலிருந்து, அதாவது வீட்டு வாசற்படியிலிருந்து தொடங்குகிறேன்.

செலவுக் கணக்கெடுப்பில் கேள்விக்கு ஒரு முறை உண்டு. அரிசி, பருப்பு என்றால் கடந்த 30 நாள். காய், எண்ணெய், முட்டை, மீன், பாக்கெட் தின்பண்டம் என்றால் 7 நாள். துணிமணி, பள்ளிச் செலவு, ஃபிரிட்ஜ் என்றால் ஒரு வருடம். மனுஷ ஞாபகம் எதற்கு எவ்வளவு தூரம் போகும் என்று பார்த்து வகுத்த கெடு இது. 2022 ஆகஸ்டிலிருந்து 2023 ஜூலை வரை நாடு முழுவதும் 2,61,746 வீடுகளில் இப்படிக் கேட்டார்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்டால் பதில் சொல்பவர் சலித்துப் போகிறார் என்பதால், இந்தத் தடவை ஒரே வீட்டுக்கு மூன்று முறை போனார்கள்.

அதில் வந்த விடை: நகரத்தில் ஒரு ஆளுக்கு மாதச் செலவு சராசரியாக 6,459 ரூபாய், கிராமத்தில் 3,773 ரூபாய். பத்திரிகைகளில் இதுதான் பெரிய எழுத்தில் வந்தது. நான் தேடியது வேறு. 1999-2000இல் நகரத்துக் குடும்பம் 100 ரூபாய் செலவழித்தால் 48 ரூபாய் சாப்பாட்டுக்குப் போனது. 2022-23இல் 39 ரூபாய். அரிசி, கோதுமை போன்ற தானியத்துக்கு அன்று 12 ரூபாய்க்கு மேல் போனது. 2022-23இல் மூன்றரை ரூபாய் சொச்சம்தான். ரேஷனில் இலவசமாகக் கிடைத்ததன் மதிப்பை இதில் சேர்க்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் குளிர்பானம், பாக்கெட் தின்பண்டம், வெளிச்சாப்பாடு இவற்றுக்கு 10 ரூபாய் 64 காசு போனது. சோற்றுக்கு ஆகிற செலவைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு நொறுக்குத் தீனிக்கும் வெளிச்சாப்பாட்டுக்கும் ஆகிறது. இந்த வரியை முதலில் பார்த்தபோது பக்கத்தைத் திருப்ப மனசு வரவில்லை.

மயூர் விஹாரில் என் பக்கத்து வீட்டு அம்மாள் கும்பகோணத்துக்காரர். அவர் சமையலறையில் சிலிண்டருக்கு மேலே ஆணியடித்து, சணலில் கட்டி ஒரு நோட்டு தொங்கும். மாதம் பிறந்தால் பட்டியல்: து.பருப்பு 2, உ.பருப்பு 1, பெருங்காயம் 1 டப்பா, சூடம், சீயக்காய். அப்பளமும் வடகமும் மட்டும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில். ஒவ்வொன்றுக்கும் எதிரே விலை, அடியில் கூட்டல். போன வருடம் பார்த்தேன், நோட்டு இருக்கிறது, எழுத்து இல்லை. ஏன் நிறுத்திட்டீங்க என்று கேட்டேன். "எதைன்னு எழுதறது அக்கா? கறிவேப்பிலைகூட போன்லதான் வருது" என்றார்.

சரி, ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காருவோம் என்று உட்கார்ந்தோம். அவர் போன், கணவர் போன், பையன் போன் மூன்றையும் வைத்துக்கொண்டு ஒரு மாதக் கணக்கை எழுதினோம். மதியம் ஆரம்பித்தது, விளக்கு வைக்கிற நேரமாகிவிட்டது. பால் ஒரு நாள், தயிர் ஒரு நாள், ராத்திரி பதினோரு மணிக்குச் சிப்ஸ். கொண்டுவந்து கொடுத்த கூலி தனி, பை கட்டணம் தனி. பையனின் போனில் இருந்த ஒரு ஆப்பில், யாரும் கேட்காத ஒரு சின்னத் தொகை ஒவ்வொரு பில்லிலும் சேர்ந்திருந்தது. டிக் அவர்களே போட்டு வைத்திருக்கிறார்கள். எடுக்க வேண்டுமானால் நாம்தான் தேடி எடுக்க வேண்டும். முப்பது வருடம் காசு காசாகக் கூட்டல் போட்ட அந்த அம்மாளின் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

மாதப் பட்டியலை முதலில் உடைத்தது ஷாம்பு பாக்கெட். கடலூர் சின்னி கிருஷ்ணன் 1970களில் ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்தார். அவர் மகன் ரங்கநாதன் 1983இல் தனியாகத் தொழில் தொடங்கி அதைக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார். பாட்டில் வாங்க முடியாதவர்களுக்கு ஒரு குளியலுக்கு மட்டும் வாங்க முடிந்தது. அது நல்ல காரியம் என்றே நினைக்கிறேன். அப்போதும் காசு கையிலிருந்து போவது கண்ணுக்குத் தெரிந்தது. 2016 ஏப்ரலில், போனிலேயே பணம் கொடுக்கிற யூ.பி.ஐ. வந்தது. அதே வருடம் செப்டம்பரில் மலிவு விலை இன்டர்நெட்டும் நவம்பரில் பணமதிப்பு நீக்கமும் வந்தன. 2025 ஆகஸ்டில் யூ.பி.ஐ. ஒரே மாதத்தில் 2,000 கோடி பரிவர்த்தனைகளைத் தாண்டிவிட்டது. ஏழு நாள், முப்பது நாள் என்று நாங்கள் வகுத்த ஞாபகக் கெடு இதற்கு எப்படிப் போதும்?

விளம்பரமும் இதே வழியில்தான் போயிருக்கிறது. டிவியில் யார் எதைப் பார்க்கிறார்கள் என்று பார்க் (BARC) என்கிற அமைப்பு அளப்பது ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளில், மீட்டர் வைத்து. சேனலின் ஒலிக்குள், காதுக்குக் கேட்காத ஒரு அடையாளம் இருக்கும். மீட்டர் அதைப் பிடிக்கும். வீட்டில் யார் உட்கார்ந்து பார்க்கிறார்களோ அவர்கள் தங்களுக்குரிய பட்டனை அழுத்த வேண்டும். நாங்கள் கதவைத் தட்டியது போல, அதுவும் கேட்டுத் தெரிந்துகொள்கிற முறை. போன் எதையும் கேட்பதில்லை. நீங்கள் எந்தப் படத்தில் விரலை நிறுத்தினீர்கள் என்பதே அதற்குப் போதும். ஃபிக்கி என்கிற தொழில் வணிகக் கூட்டமைப்பும் ஈ.ஒய். என்கிற ஆலோசனை நிறுவனமும் சேர்ந்து 2025 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கைப்படி, 2024இல் டிஜிட்டல் ஊடகத்தின் வருமானம் முதல் முறையாக டிவியை முந்தியது. ஊடகத் துறையின் மொத்த வருமானத்தில் அதன் பங்கு 32 சதவீதம்.

அந்த அம்மாளின் நோட்டில் இருந்த கணக்கு அழிந்துவிடவில்லை. கம்பெனிகளிடம் நாள், மணி, நிமிடத்தோடு பத்திரமாக இருக்கிறது. வீட்டில்தான் இல்லை. இதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இதில் நாட்டுக்கும் ஒரு சங்கதி உண்டு. 2012ஐ அடிப்படையாகக் கொண்ட விலைவாசிக் குறியீட்டில் உணவுக்கும் பானத்துக்கும் 45.86 சதவீத எடை, அதாவது பங்கு, கொடுத்திருந்தார்கள். அந்த எடை எங்கிருந்து வந்தது? 2011-12இல் வீடு வீடாகக் கேட்ட செலவுக் கணக்கிலிருந்து. யாரோ ஒரு அம்மாள் யோசித்துச் சொன்ன "எண்ணெய் மூணு லிட்டர்" அதற்குள் இருக்கிறது. ஆகவே உங்கள் வீட்டுக்குக் கணக்கெடுக்க வருகிறவருக்கு அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு ஒரு நாற்காலி போடுங்கள். நீங்கள் சொல்வதை உங்கள் பெயரோடு வெளியில் விடக் கூடாது என்று சட்டமே இருக்கிறது.

கேட்காமல் பில்லில் சேர்ப்பதும், "இன்னும் இரண்டுதான் மிச்சம்" என்று பொய்யாக அவசரப்படுத்துவதும் 2023 நவம்பரில் மத்திய அரசு தடை செய்த 13 தந்திரங்களில் அடங்கும். நுகர்வோர் உதவி எண் 1915. அந்த அம்மாள் மறுநாளே கூப்பிட்டார், புகாரைப் பதிவு செய்துகொண்டார்கள்.

நோட்டை மறுபடி எழுத ஆரம்பித்திருக்கிறார். இப்போது மூன்று பத்தி: கடை, போன், பையன்.

வணக்கம்.