அந்தப் பணம் அம்மா கைக்குப் போயிருந்தால்

நேயர்களுக்கு வணக்கம். வறுமை ஒரு குழந்தையின் வளர்ச்சியை என்ன செய்கிறது என்று பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் ருமேனியாவில் ஆரம்பிக்கிறேன். அவ்வளவு தூரம் எதற்கு என்றால், அங்கேதான் ஒரு அரசாங்கமே இந்தக் கொடுமையை நாடு முழுக்கச் செய்து வைத்தது.

மக்கள்தொகையைப் பெருக்க வேண்டும் என்று 1966இல் அந்நாட்டுக் கம்யூனிஸ்ட் தலைவர் சௌசெஸ்குவின் ஆட்சி கருக்கலைப்பைத் தடை செய்தது. நாலு பிள்ளை பெற்றிருந்தால் அல்லது வயது 45-ஐத் தாண்டியிருந்தால் விலக்கு, மற்றவர்கள் பெற்றே ஆக வேண்டும். பெற்றார்கள், வளர்க்கத்தான் வழியில்லை. முடியாதவர்களின் பிள்ளைகளை அரசு இல்லங்கள் வாங்கிக்கொண்டன. 1989 டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்தபோது லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அங்கே இருந்தார்கள், அதில் பெரும்பாலோருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடுதான் இருந்தார்கள்.

உள்ளே போய்ப் பார்த்தவர்களை உலுக்கியது, கைக்குழந்தைகள் இருந்த அறைகளில் சத்தமே இல்லை என்பதுதான். பத்துப் பதினைந்து குழந்தைக்கு ஒரு ஆயா, அவரும் ஷிஃப்ட் முடிந்தால் போய்விடுவார், அழுதாலும் யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்துபோன பிள்ளை எதற்கு அழும்? நம் வீட்டில் குழந்தை ‘ங்கா’ என்றதும் பாட்டி ‘என்னடா தங்கம்’ என்று பதிலுக்குக் கொஞ்சுகிறாரே, பார்க்க வெட்டி வேலை மாதிரி இருக்கும், மூளையின் நரம்பிணைப்புகள் உறுதிப்படுவது அப்படித்தான்.

அப்புறம் 2000 வாக்கில் நெல்சன், ஃபாக்ஸ், ஸீனா என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்ட்டில் இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். மற்றவர்களை விட்டுவிடலாமா என்ற கேள்வி எழாமல் இல்லை, ஆனால் அங்கே அதுவரை வளர்ப்புக் குடும்பம் என்ற ஏற்பாடே கிட்டத்தட்ட கிடையாது. நாலரை வயதில் சராசரி ஐ.க்யூ. இல்லத்துப் பிள்ளைகளுக்கு 73, வளர்ப்புக் குடும்பத்துக்குப் போனவர்களுக்கு 81, சொந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு 109. இரண்டு வயதுக்குள் போனவர்கள் இன்னும் நன்றாகத் தேறினார்கள். கவனம் நிலைக்காத பிரச்சினை மட்டும் குடும்பத்துக்குப் போயும் பெரிதாகக் குறையவில்லை.

எனக்கு வயிறெரிவது வேறு இடத்தில். இந்த ஆய்வில் வளர்ப்புத் தாய்க்கு மாதாமாதம் பணம் கொடுத்தார்கள், சரி, நல்லதுதான். அதே பணம் முதலிலேயே பெற்றவள் கைக்குப் போயிருந்தால் அந்தப் பிள்ளைகளில் எத்தனையோ பேர் வீட்டை விட்டே போயிருக்க மாட்டார்கள். கட்டடத்துக்கும் சமையலுக்கும் ஆயாவுக்கும் செலவு செய்ய அரசுகளுக்கு மனசு வருகிறது, ஏழைத் தாயை நம்பிப் பணம் கொடுக்க மட்டும் கை நடுங்குகிறது.

நம் ஊரிலும் அப்பா இறந்துபோய் அம்மா கூலி வேலைக்குப் போகும் வீட்டில், ‘ஹோமில் விட்டால் மூணு வேளைச் சோறாவது கிடைக்கும்’ என்று பிள்ளையை அனுப்பிவிடுகிறார்கள். அப்படி அனுப்பாமல் வீட்டிலேயே வளர்க்க, மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. கணவரை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள் கேட்கலாம், குடும்ப வருமானத்துக்கு வரம்பு இருக்கிறது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். அந்த அலுவலகம் எங்கே என்று தெரியாவிட்டால் 1098-க்குக் கூப்பிட்டுக் கேளுங்கள்.