கற்றுப் பயனைக் காண்பதே!

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுத் தூக்கத்தைத் துறந்து இந்தச் சிங்கப்பூர்ச் சமூக மன்றத்துக்கு வந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

"பயனைக் கண்டு கற்பதா? கற்றுப் பயனைக் காண்பதா?" என்பது இன்றைய தலைப்பு. நான் இரண்டாவது அணி. எனக்கு முன்னால் பேசிய எதிரணி அக்கா தம் வீட்டுக் கதை ஒன்றைச் சொன்னார். அவருடைய மகன் தேசிய சேவையை முடித்துவிட்டு வந்து, மொழியியல் படிக்கப் போகிறேன் என்றானாம். "அதை வைத்து என்ன செய்வாய்?" என்று இவர் கேட்டாராம். "தெரியாது அம்மா" என்றானாம். அவை சிரித்தது, நானும் சிரித்தேன். பிறகு அக்கா தீர்ப்பையே எழுதிவிட்டார்: "கொள்கை பேச வேண்டுமானால் மேடை ஏறட்டும். பிழைக்க வேண்டுமானால் ராஃபிள்ஸ் பிளேசில் நிதி நிறுவனத்துக்குக் கணினி நிரல் எழுதக் கற்கட்டும்."

அக்கா, நான் ராஃபிள்ஸ் பிளேசில் ஒரு வங்கிக்கு நிரல் எழுதிப் பிழைக்கிறவன். என்னைப் போல் வா என்று உங்கள் மகனிடம் சொல்லியிருக்கிறீர்கள். மிக்க நன்றி. ஆனால் நான் இங்கே எப்படி வந்து சேர்ந்தேன் என்பதை நீங்கள் கேட்கவில்லையே!

நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்த காலத்தில், பயனைக் கண்டு கற்பவர்கள் எல்லோரும் கற்றது ஃபிளாஷ் என்ற மென்பொருள். இணையப் பக்கத்தில் படம் துள்ளும், எழுத்து ஆடும். வேலை நிச்சயம் என்றார்கள். நானும் இரவு பகலாகக் கற்றேன். 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு ஃபிளாஷுக்கான ஆதரவு உலகம் முழுவதும் நின்றது. என் மனத்தில் அதற்கு முன்பே கருமாதி முடிந்திருந்தது.

இன்னொன்றும் கற்றேன். உயர்நிலைப் பள்ளியில் எங்கள் தமிழாசிரியர், பாடத்திட்டத்தில் இல்லாத, நன்னூல் என்ற பழைய இலக்கண நூலின் நூற்பா ஒன்றை மனப்பாடம் செய்ய வைத்தார். "இயல்பினும் விதியினும் நின்ற உயிர்முன் கசதப மிகும் விதவாதன மன்னே." உயிரில் முடியும் சொல்லுக்குப் பின் க, ச, த, ப வந்தால் அந்த எழுத்து மிகும் என்ற பொது விதி அது. தேர்வில் வராது, எதற்கு ஐயா என்று கேட்டதற்கு, வாயில் நிற்கட்டும் என்றார். நின்றது. பல ஆண்டுகள் கழித்து, வங்கிகளுக்கு இடையே வரும் பணப்பரிமாற்றச் செய்திகளைப் பிரித்துப் படிக்கும் நிரலை எழுத உட்கார்ந்தேன். பொது விதி ஒன்று, விலக்குகளோ ஏராளம். எந்த விலக்கை எங்கே வைப்பது என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, 'விதவாதன' என்ற அந்த ஒற்றைச் சொல் நினைவுக்கு வந்தது. தனி விதி சொல்லப்படாத இடங்களில் மட்டும் இந்தப் பொது விதி செல்லும் என்று பொருள். தனி விதிகளை முதலில் பார், எதுவும் பொருந்தாவிட்டால் பொது விதிக்கு வா. நன்னூல் எழுதிய பவணந்தியார் எனக்கு நிரல் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்!

இது என் தற்செயல் என்று எதிரணித் தம்பி தலையாட்டுகிறார். தற்செயல்தான். இப்படி எத்தனை தற்செயல் என்று எண்ணிக்கொண்டே வாருங்கள் தம்பி.

அமெரிக்காவில் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் பீட்டர் பிரவுன், ராபர்ட் மெர்சர் என்று இருவர் இருந்தார்கள். 1980-களின் இறுதியில் அவர்களுடைய குழு எடுத்துக்கொண்ட கேள்வி இது: பிரெஞ்சு வாக்கியத்தைக் கணினி ஆங்கிலத்தில் மொழிபெயர்க்குமா? அதற்கு இரண்டு மொழியிலும் ஒரே செய்தி மலைபோல் வேண்டும். எங்கே கிடைக்கும்? கனடா நாடாளுமன்றத்தில் கிடைத்தது. அங்கே உறுப்பினர்கள் பேசுவதெல்லாம் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் பதிவாகும். அந்த விவாதப் பதிவுகளைக் கணினிக்கு ஊட்டி, எந்தச் சொல்லுக்கு எந்தச் சொல் இணை என்பதை நிகழ்தகவுக் கணக்கால் கண்டுபிடிக்க வைத்தார்கள். அரசியல்வாதிகளின் பேச்சால் அறிவியலுக்கு நேரடியாக விளைந்த நன்மை என்று இதைத் தாராளமாகச் சொல்லலாம்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. 1993-இல் அந்த இருவரையும் ரினைசன்ஸ் டெக்னாலஜீஸ் என்ற முதலீட்டு நிறுவனம் வேலைக்கு எடுத்தது. அதை நிறுவிய ஜிம் சைமன்ஸ், வடிவியல் கணிதப் பேராசிரியராக இருந்தவர். அமெரிக்க நிதிச் சந்தையான வால் ஸ்திரீட்டில் பழம் தின்று கொட்டை போட்டவர்களை விட்டுவிட்டு, கணிதமும் இயற்பியலும் கணினி மொழியியலும் படித்தவர்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். இரைச்சலுக்கு நடுவே வரிசையைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்களுக்கு, அந்த இரைச்சல் பிரெஞ்சாக இருந்தால் என்ன, பங்கு விலையாக இருந்தால் என்ன? மொழி ஆராய்ந்த அந்த இருவரும் பின்னாளில் அந்த நிறுவனத்துக்கே தலைமை வகித்தார்கள். அக்கா, உங்கள் மகன் படிக்க விரும்புவதும் மொழிதான். சும்மா சொல்லி வைக்கிறேன்.

"மொழி படித்தவனுக்குக் காசு வந்தது சரி, அரசியல் கொள்கை எங்கே வந்தது?" என்று கேட்பீர்கள். அதற்குக் கனடாவரை போக வேண்டாம், திருநெல்வேலிப் பக்கம் இடையன்குடிக்கு வாருங்கள். சமயப் பணிக்கு வந்த ராபர்ட் கால்டுவெல், 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். தமிழும் தெலுங்கும் கன்னடமும் மலையாளமும் துளுவும் ஒரு குடும்பம், அது சமஸ்கிருதத்தின் கிளை அன்று என்று வேற்றுமை உருபையும் வினைத்திரிபையும் அடுக்கி நிறுவினார். அவருக்கு முன்பே, 1816-இல், சென்னையில் ஆங்கிலேய அதிகாரியாக இருந்த எல்லிஸ் இதைத் தொட்டிருக்கிறார். ஆனால் விரிவாகக் கட்டியவர் கால்டுவெல். எவ்வளவு வறண்ட நூல் தெரியுமா? நான் படிக்க முயன்று இரண்டு முறை தூங்கிப்போனேன்.

அந்த வறண்ட இலக்கணத்திலிருந்து 'திராவிடம்' என்ற சொல் எழுந்து நடந்தது. மேடை ஏறியது, கட்சியானது, ஆட்சியானது. கடலும் தாண்டியது. 1929 டிசம்பரில் பெரியார் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தார். 1932-இல் இங்கே தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. 1935-இல் தமிழ் முரசு இதழ் தோன்றியது. 1950-களில் மலாயாப் பல்கலைக்கழகம் இந்திய இயல் துறை தொடங்க முனைந்தபோது, அங்கே எந்த மொழிக்கு முதலிடம், சமஸ்கிருதத்துக்கா தமிழுக்கா என்ற கேள்வி எழுந்தது. தமிழ் முரசு ஆசிரியர் தமிழவேள் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டினார். பல்கலைக்கழக வாசலையே மிதிக்காத தொழிலாளிகளும் அதற்குக் கொடுத்தார்கள். ஓர் இலக்கண நூலில் தொடங்கிய வாதம் நூறாண்டு சுற்றி ஒரு பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் வந்து நின்றது. இன்று நாம் இந்த மன்றத்தில் தமிழில் வாதாடுகிறோமே, இதில் அந்த வறண்ட புத்தகத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்றால் மறுப்பீர்களா?

நேரம் ஓடுகிறது, இன்னொன்றை வேகமாகச் சொல்கிறேன். ஹாஸ்கல் என்று ஒரு நிரல்மொழி. ஹாஸ்கல் கறி என்ற தருக்கவியலாளரின் பெயரை அதற்கு வைத்தார்கள். சிரிக்காதீர்கள், தேக்கா சந்தையில் விற்கும் கறிக்கும் அவருக்கும் தொடர்பில்லை. கணினி இல்லாத 1930-களில், எதைக் கணக்கிட முடியும், எதை முடியாது என்று அலோன்சோ சர்ச் போன்றவர்கள் தாளில் எழுதிப் பார்த்த கணிதத்தின் வாரிசு அது. இன்று அந்த மொழியில் விலைக் கணக்குப் போடும் வங்கி உண்டு.

எதிரணியின் முதல் பேச்சாளர் "பொருளில்லார்க்கு இவ்வுலகம் இல்லை" என்று வள்ளுவரைச் சாட்சிக்கு அழைத்தார். அந்தக் குறள் "அருளில்லார்க்கு" என்றுதான் தொடங்குகிறது. பாதிக் குறளை மட்டும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். மீதிப் பாதி இன்னும் நிறுத்தத்தில் நிற்கிறது.

நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்கிறேன், ஐயா. பயன் என்று நான் சொல்வதெல்லாம் நன்மை அன்று. மைரன் ஷோல்ஸ், ராபர்ட் மெர்ட்டன் இருவரும் 1997-இல் பொருளியல் நோபல் பரிசு பெற்றார்கள். அவர்கள் பங்காளிகளாக இருந்த முதலீட்டு நிறுவனம் அடுத்த ஆண்டே 4 பில்லியன் டாலருக்கு மேல் இழந்து கவிழ்ந்தது. 14 நிதி நிறுவனங்கள் 3.6 பில்லியன் டாலரைக் கொட்டித் தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது. கொள்கையும் அப்படித்தான். ஆய்வாளர் பத்து 'ஆனால்' போட்டு எழுதுவார். மேடைக்கு வரும்போது பத்தும் உதிர்ந்திருக்கும். ஆனால் கவனியுங்கள், அந்த நிறுவனம் பயனைக் கண்டு தொடங்கியது. கண்ட பயன் கண்ணை மறைத்தது.

இப்போது என் வாதத்தின் உயிர்நாடிக்கு வருகிறேன். "அதை வைத்து என்ன செய்வாய்?" என்ற கேள்வி தவறு என்று நான் சொல்ல மாட்டேன். சம்பளம் வாங்குகிறவன் அப்படிச் சொல்லக் கூடாது. அந்தக் கேள்வியைக் கேட்டால் பதில் கிடைக்கும். கிடைக்கும் பதில் பெரும்பாலும் பொய்த்துப்போகும் என்பதே என் வழக்கு. 1856-இல் கால்டுவெல்லைக் கேட்டிருந்தால், மொழிநூலுக்கு உதவும், இங்கே பணிசெய்ய வரும் பாதிரிமார்களுக்கு உதவும் என்றிருப்பார். ஆட்சியை மாற்றும் என்று சொல்லியிருப்பாரா? பிரவுனைக் கேட்டிருந்தால் மொழிபெயர்ப்புக்கு என்றிருப்பார். என்னை அன்று கேட்டார்கள். ஃபிளாஷ் கற்றால் வாழ்நாள் முழுவதும் சோறு என்று அடித்துச் சொன்னேன். சட்டம் படிக்க லண்டனுக்குக் கப்பலேறிய, பின்னாளில் நம் வெளியுறவு அமைச்சரான ராஜரத்தினத்தைக் கேட்டிருந்தால், வழக்கறிஞராவேன் என்றிருப்பார். அந்தப் படிப்பை அவர் முடிக்கவே இல்லை. அங்கே படித்த மற்ற புத்தகங்களும் பழகிய எழுத்தும் அவரோடு ஊர் திரும்பின. நம் பிள்ளைகள் தினமும் காலையில் பள்ளித் திடலில் நின்று சொல்லும் உறுதிமொழியை 1966-இல் வரைந்தது அந்தக் கைதான்.

மணி அடித்துவிட்டது, ஒரு வாக்கியம், ஐயா. அக்கா, அன்று உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் "தெரியாது அம்மா" என்றானே உங்கள் மகன், இத்தனை பெரியவர்கள் வரிசையில் சரியான பதிலைச் சொன்னவன் அவன் ஒருவன்தான். வணக்கம்.